ரேஸ் டிராக்குக்காக மாற்றிய பைக்கை சாலையில் ஓட்டலாமா? சட்டம் சொல்வது என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை அதியமான்கோட்டை சந்திப்பில் டீக்கடையில் நின்றால், சில பைக்குகள் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். பெங்களூரு, ஓசூர் பக்கமிருந்து ஏற்காட்டுக்கும் ஒகேனக்கல்லுக்கும் கிளம்பும் இளைஞர்களின் கூட்டம். அதில் ஒன்றிரண்டு வண்டிகளில் கண்ணாடி இருக்காது, இண்டிகேட்டர் இருக்காது, நம்பர் பிளேட் எங்கோ மடித்துச் செருகப்பட்டிருக்கும். சைலன்சர் இருக்கும், ஆனால் அது சத்தத்தை அடக்கும் வேலையைச் செய்யாது.

"இதெல்லாம் கம்பெனியிலிருந்தே இப்படித்தான் வருதா?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். வருவதில்லை. இவற்றில் சில, பந்தயத் தடத்தில், அதாவது ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக மாற்றப்பட்டவை. டிராக்கில் தவறே இல்லாத அந்த மாற்றம், அதே வண்டி தேசிய நெடுஞ்சாலையில் ஏறிய அடுத்த நிமிடமே குற்றமாகிவிடுகிறது.

எந்த மாற்றம் குற்றம்? அபராதம் எவ்வளவு? எல்லாவற்றுக்கும் மேலாக, விபத்து நடந்தால் யார் பணம் கட்டுவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிராக் எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டில் பைக் பந்தயத்துக்குப் பெயர்போன தடங்கள் இரண்டு. ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முன்பெல்லாம் சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை தடம் வந்தது. 3.7 கி.மீ. நீளமுள்ள அதன் இப்போதைய பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். இன்னொன்று, கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தய வீரர் கரிவரதனின் நினைவாகப் பெயரிடப்பட்டது.

அதியமான்கோட்டையிலிருந்து இரண்டுமே 200 கி.மீ.க்கு மேல். ஒன்றுக்கு கிருஷ்ணகிரி வழியாக வடகிழக்கே போக வேண்டும். மற்றதுக்கு தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் வழியாகப் போக வேண்டும். ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 844-ம் இங்கேதான் 44-ல் வந்து சேர்கிறது. அதனால் பெங்களூரு, ஓசூர் பக்கத்திலிருந்து கோவை டிராக்குக்குப் போகும் வண்டிக்கும் இந்த ஊர் வழியில்தான் இருக்கிறது.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. டிராக்கில் 20 நிமிடம் ஓட்டுவதற்காக, ஒருவர் 200 கி.மீ. பொதுச் சாலையில் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்.

டிராக்கில் ஏன் கழற்றச் சொல்கிறார்கள்?

பந்தயத்துக்கு வண்டியைத் தயார் செய்பவர்கள் முதலில் செய்வது கழற்றுவதுதான். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

ஹெட்லைட்டையும் கண்ணாடிகளையும் கழற்றுவார்கள், அல்லது டேப் ஒட்டி மூடுவார்கள். கீழே விழுந்தால் உடைந்த சில்லு தடத்தில் சிதறி, பின்னால் வருபவரின் டயரைக் கிழிக்கக்கூடாது என்பதற்காக. சைடு ஸ்டாண்டைக் கழற்றுவார்கள். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அது தரையில் உரசினால் வண்டி தூக்கியடிக்கும். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றுவார்கள். கூலன்ட் கொட்டினால் தடம் வழுக்கும். பின்சீட்டுக்காரருக்கான கால்மிதியும் சேலை கார்டும் வெறும் எடை என்பதால் அவையும் போய்விடும். பட்டன் இல்லாத வழவழ 'ஸ்லிக்' டயர் போடுவார்கள்; தரையோடு ஒட்டும் பரப்பு அதில் அதிகம்.

அங்கே இது சரிதான். எல்லா வண்டியும் ஒரே திசையில் ஓடும். எதிரே டேங்கர் லாரி வராது. கொடியோடு மார்ஷல்கள் நிற்பார்கள், ஆம்புலன்ஸ் காத்திருக்கும், வழுக்கினால் உருண்டு போய் நிற்க வெற்றிடம் இருக்கும்.

இப்போது அதே வண்டியைத் தொப்பூர் இறக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னால் பாரம் ஏற்றிய லாரி வருவது கண்ணாடி இல்லாமல் தெரியாது. இண்டிகேட்டர் இல்லாததால் நீங்கள் தடம் மாறுவது லாரிக்காரருக்குத் தெரியாது. ஸ்லிக் டயர் நன்றாகச் சூடானால்தான் பிடிக்கும். சாதாரண வேகத்தில் அந்தச் சூடே வராது. ஒரு தூறல் போட்டால், தண்ணீர் வெளியேற அதில் வழியும் இல்லை. டிராக்கில் பாதுகாப்புக்காகச் செய்த ஒவ்வொரு மாற்றமும் சாலையில் தலைகீழாகத் திரும்புகிறது.

சட்டம் எதைப் பார்க்கிறது?

"நான் ஸ்பீடாவே போகலையே, எதுக்கு நிறுத்துறீங்க?" என்று வாதாடுபவர்கள் உண்டு. வண்டி மாற்றம் பற்றிய சட்டம் வேகத்தைப் பார்ப்பதில்லை. வண்டியும் அதன் காகிதமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52 சொல்வது இதுதான்: பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு முரண்படும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது.

இதற்கு எவ்வளவு கண்டிப்பாகப் பொருள் கொள்வது என்ற கேள்வி கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு தீர்ப்பளித்தது. மாநில விதிகளைக் காட்டி மாற்றங்களுக்கு இடம் கொடுத்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை அது ஏற்கவில்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்டு, ஆர்.சி.யில் ஏறிய விவரங்களை மாற்ற முடியாது என்றது.

விலக்குகளும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றியமைக்கலாம்; அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் எரிபொருள் வகையை மாற்றலாம். நிறத்தையும் மாற்றலாம். இவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 'டிராக்கில் ஓட்டுவதற்காக' என்று ஒரு விலக்கு சட்டத்தில் இல்லை.

"சைலன்சர் ஆர்.சி.யில் இல்லையே?"

ஷெட்டுகளில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. ஆர்.சி.யில் இன்ஜின் எண், சேஸிஸ் எண், சி.சி., நிறம், இருக்கை எண்ணிக்கை, எடை போன்றவைதான் இருக்கும். சைலன்சர் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அப்போ அதை மாற்றினால் தப்பில்லைதானே?

தப்புதான். சட்டம் இரண்டு வலை விரித்திருக்கிறது. ஆர்.சி. விவரம் முதல் வலை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 இரண்டாவது. முதல் வலையில் தப்பினாலும் இரண்டாவதில் மாட்டிக்கொள்வீர்கள்.

சைலன்சர்: விதி 120-ன்படி சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் எல்லா வாகனத்திலும் இருக்க வேண்டும். தயாரிப்பு நிலையில் இருசக்கர வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஒலி அளவு, 80 சி.சி. வரை 75 டெசிபல். 80 முதல் 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. ரேஸ் சைலன்சர்கள் இதை எளிதில் தாண்டும். முழு எக்ஸாஸ்டையும் மாற்றினால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பல வண்டிகளில் சேர்ந்தே போய்விடும், பி.எஸ்.6 வண்டி வெறும் பெயரளவில் பி.எஸ்.6 ஆகிவிடும்.

"பெட்டியில ஐரோப்பிய முத்திரை இருக்கு சார்" என்பதும் செல்லாது. அது அந்த நாடுகளின் ஒப்புதல், அதுவும் உள்ளே இருக்கும் ஒலித்தடுப்புக் குழாயோடு சேர்த்துத்தான். அதைக் கழற்றிவிட்டால் அங்கேயும் சட்டவிரோதம். பல ரேஸ் சைலன்சர்களின் பெட்டியிலேயே 'பொதுச் சாலைக்கு அல்ல' என்று அச்சிட்டிருப்பார்கள்.

கண்ணாடி, விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன்: எல்லாமே கட்டாயம். கழற்றினாலும் குற்றம், வேலை செய்யாவிட்டாலும் குற்றம். பல குரலில் ஒலிக்கும் ஹாரனுக்கும் அனுமதியில்லை.

நம்பர் பிளேட்: எழுத்தின் அளவு, இடைவெளி வரை விதி 50, 51-ல் வரையறுக்கப்பட்டிருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் வந்த புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவுப் பலகை கட்டாயம். 'டி.என். 29' என்பதைப் படிக்க முடியாதபடி மடக்கி வைத்தால், சிக்கும்போது வரும் சந்தேகமே வேறு மாதிரி இருக்கும்.

பின்சீட்டுப் பாகங்கள்: விதி 123-ன்படி கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும். சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டயர்: இருசக்கர வாகன டயரில் பட்டன் ஆழம் 0.8 மி.மீ.க்குக் குறையக்கூடாது. ஸ்லிக் டயரில் பட்டனே கிடையாது.

இன்ஜின்: சி.சி.யைக் கூட்டினாலோ, வேறு வண்டியின் இன்ஜினைப் பொருத்தினாலோ நேராக முதல் வலையிலேயே விழுவீர்கள். பழுதாகி இன்ஜினையே மாற்ற வேண்டி வந்தாலும் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும்.

அப்போ எதைத்தான் தொடலாம்? தரமான பிரேக் பேடு, புதிய பிரேக் ஆயில், தயாரிப்பாளர் சொன்ன அதே அளவில் நல்ல டயர், ஓட்டுபவரின் எடைக்கேற்ப சஸ்பென்ஷன் சரிசெய்தல். இவற்றால் நடைமுறையில் சிக்கல் வருவதில்லை. டிராக்கில் புதிதாக ஓட்டிப் பழகுபவருக்கு உண்மையில் உதவுவதும் இவைதான். சத்தம் போடும் சைலன்சர் வளைவில் யாரையும் காப்பாற்றியதில்லை.

மாட்டினால் என்ன தண்டனை?

2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தொகைகள் பெரிதாகிவிட்டன.

பிரிவு 182ஏ(4): அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். வண்டிக்கு மொத்தமாக ஒரே அபராதம் என்று நினைக்க வேண்டாம்.

பிரிவு 190(2): சாலைப் பாதுகாப்பு, ஒலி, காற்று மாசு தரத்தை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமமும் 3 மாதத்துக்குப் போகும். இது ஓட்டுபவருக்கும், ஓட்ட அனுமதித்தவருக்கும் பொருந்தும். "நான் மாத்தல, செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்ற பதில் இங்கே எடுபடாது.

பிரிவு 189: பொது இடத்தில் பந்தயம் விட்டால் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம்; மறுபடி சிக்கினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய்.

பிரிவு 199ஏ: ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது.

இது தவிர, வண்டி சட்டத் தேவைகளை நிறைவு செய்யவில்லை என்றால் அதன் பதிவை நிறுத்திவைக்கப் பிரிவு 53 போக்குவரத்து அலுவலகத்துக்கு அதிகாரம் தருகிறது. விற்பனையாளரே விதியை மீறி மாற்றிக் கொடுத்தால், வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சாலையை டிராக்காக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று விபத்துக்குள்ளானார் யூடியூபர் டிடிஎஃப் வாசன். அவர் கைது செய்யப்பட்டார். ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்குப் பறிபோனது. அது வண்டியை மாற்றியதற்கான வழக்கு அல்ல, வண்டி ஓட்டிய விதத்துக்கான வழக்கு. ஆனால் உரிமம் எவ்வளவு காலத்துக்குப் போகலாம் என்பதை அது காட்டியது.

காப்பீட்டில் யாரும் படிக்காத அந்த வரி

அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். காப்பீடு கைவிட்டால் வீடே போகலாம்.

உங்கள் பைக் காப்பீட்டு ஆவணத்தை எடுத்து, 'பயன்பாட்டு வரம்புகள்' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பகுதியைப் படித்துப் பாருங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, திறன் சோதனைப் போட்டிகள் இவற்றுக்குப் பயன்படுத்தினால் காப்பீடு இல்லை என்று இருக்கும். அதாவது, டிராக்கில் விழுந்து வண்டி நொறுங்கினால் சாதாரண பாலிசியில் ஒரு ரூபாய்கூட எதிர்பார்க்க முடியாது.

சாலையில் விழுந்தால்? சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, சொந்த வண்டிச் சேதத்துக்கான தொகையை நிறுவனம் மறுக்கவோ குறைக்கவோ முயலும். இன்ஜினை மாற்றிய விஷயம் சர்வே எடுக்க வருபவரின் கண்ணுக்குத் தப்பாது.

அடிபட்டவர் மூன்றாம் நபர் என்றால் நிலைமை கொஞ்சம் வேறு. சாலையைக் கடந்த ஒரு பாட்டியோ, காலபைரவர் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பமோ பாதிக்கப்பட்டால், அவர்களுக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பதில் சட்டம் உறுதியாக இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் தப்பிக்கச் சொல்லக்கூடிய காரணங்களைப் பிரிவு 150 ஒரு சிறு பட்டியலுக்குள் அடக்கிவிட்டது. ஆனால் அந்தச் சிறு பட்டியலிலும் பந்தயமும் வேகச் சோதனையும் இருக்கின்றன. நண்பர்கள் எடுத்த வீடியோவே அதற்குச் சாட்சியாக முன்வைக்கப்படலாம். நிறுவனம் விலகிக்கொண்டால் முழுத் தொகையும் வண்டி உரிமையாளர் தலையில்தான். ஆர்.சி. பல வீடுகளில் அப்பா பெயரில் இருக்கும். இழப்பீட்டு உத்தரவும் அப்பா பெயருக்குத்தான் வரும்.

மற்ற நாடுகளில் எப்படி?

ஜெர்மனியிலும் விதி கண்டிப்பானதுதான். ஆனால் அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. ஒப்புதல் பெற்ற பாகத்தை வாங்கிப் பொருத்தி, தேவையானால் தொழில்நுட்பச் சோதனை மையத்தில் காட்டி, வண்டியின் ஆவணத்தில் பதிந்துகொள்ளலாம். பிறகு போலீஸ் நிறுத்தினால் காகிதத்தைக் காட்டினால் போதும்.

இங்கே ஒரு தனிநபர் தன் பைக்கின் சைலன்சரைச் சோதித்து ஒப்புதல் வாங்க எளிய வழி இல்லை. ஒப்புதல் சோதனைகள் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற மையங்களில், பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனங்களுக்காக நடப்பவை. பைக் ஆர்வலர்களின் ஆதங்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சத்தம் வரம்புக்குள்ளேயே இருக்கும் நல்ல பாகத்துக்கும், சந்தையில் கிடைக்கும் வெறும் தகரக் குழாய்க்கும் இங்கே வேறுபாடு பார்க்கப்படுவதில்லை. ஆனால் அந்தக் கதவு திறக்கும்வரை, இருக்கும் சட்டம்தான் சட்டம்.

அப்போ என்னதான் வழி?

முதல் வழி, வண்டியைச் சாலைக்கேற்ற நிலையிலேயே வைத்திருப்பது. டிராக்குக்குப் போய்ச் சேர்ந்த பின் கண்ணாடியைக் கழற்றி, விளக்குக்கு டேப் ஒட்டி ஓட்டுங்கள். கிளம்பும் முன் திரும்ப மாட்டுங்கள். புதியவர்களுக்கான பயிற்சி வகுப்புகளுக்குப் பொதுவாக இதுவே போதும்.

இரண்டாவது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு சரக்கு வேன் பிடித்தால் செலவு பங்காகிவிடும். பந்தய அணிகள் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. கழற்றிய கம்பெனி பாகங்களைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.

மூன்றாவது, இனி டிராக்குக்கு மட்டும்தான் என்று முடிவு செய்த வண்டியா? சாலையில் ஓட்டவே முடியாதபடி ஆன வண்டி பற்றி 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது பிரிவு 55. தர்மபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு பதிவை ரத்து செய்துவிட்டால், பிறகு அது வெறும் விளையாட்டுக் கருவி. கவாஸாகியின் எச்2ஆர் போன்ற வண்டிகள் விற்கப்படும்போதே சாலைப் பதிவு இல்லாமல்தான் விற்கப்படுகின்றன.

நான்காவது, தயாரிப்பு நிறுவனமே தரும் விளையாட்டு வசதிகளைத் தேர்ந்தெடுப்பது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். தன் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டிக்கு, வாங்கும்போதே கேட்டுப் பெறக்கூடிய பந்தய வகை வசதிகளைத் தருகிறது. நிறுவனமே பொருத்தித் தருவதால் காகிதமும் வண்டியும் ஒத்துப்போகும்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை குறைவு என்று, மாற்றிய பைக்கை வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரிஜினல் பார்ட்ஸ் இருக்கா?" இல்லை என்றால், அவற்றை வாங்கும் செலவையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு பைக் வாங்கிக் கொடுத்த பெற்றோரும் இன்று மாலை ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். கண்ணாடி இரண்டும் இருக்கிறதா, நம்பர் பிளேட் தெரிகிறதா, சைலன்சர் கம்பெனியுடையதா என்று பாருங்கள். பிறகு ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள்.